ரெண்டு வயசுப் பிள்ளையோடு மெல்பர்னிலிருந்து காரைக்குடி: எந்த விமானம், எந்த வழி?

போன தை மாதம் காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூரில் எங்கள் ஐயாவுக்கு எண்பதாவது சாந்தி. நாங்கள் இருப்பது மெல்பர்னில். மகனுக்கு அப்போது 23 மாதம். டிக்கெட் போடுவதற்கு முன்னால் இரண்டு வாரம், அவன் தூங்கிய பிறகு உட்கார்ந்து எந்த விமானம், எந்த வழி என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு முந்தின பயணம் எங்களைப் படுத்திய பாடு அப்படி.

அப்போது அவனுக்கு ஒன்பது மாதம். விலை குறைவு என்று இரண்டு வேறு வேறு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தோம். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். நடு ஊரில் இறங்கி, குடியுரிமைச் சோதனை வரிசையில் நின்று, பெட்டிகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் செக்-இன் செய்ய ஓடினால் கவுண்டர் மூடியாகிவிட்டது. இரண்டாவது நிறுவனத்துக்கு நாங்கள் வராத பயணிகள், அவ்வளவுதான். புது டிக்கெட் வாங்கி, அடுத்த விமானம் வரும் வரை 11 மணி நேரம் நாற்காலியிலும் தரையிலுமாகக் கழித்தோம். தள்ளுவண்டி வேறு வந்து சேரவில்லை. தோளில் பிள்ளை, கையில் பால் பை. ஊர் வந்து சேர்ந்ததும் அவனுக்குக் காய்ச்சல்.

அதனால் இந்த முறை கணக்கை வேறு மாதிரி போட்டேன். எந்த நிறுவனம் நல்லது என்று தொடங்காமல், எங்கள் வீட்டு வாசலிலிருந்து கண்டனூர் வீட்டு முகப்பு வரைக்கும் மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் எத்தனை தடவை பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டிவரும் என்று எழுதிப் பார்த்தேன். எழுதியதும் பாதி வழிகள் தானாகவே கழிந்துவிட்டன.

முதலில் இறங்கும் இடம். நம் பக்கத்தில் வெளிநாடு என்றாலே சென்னை என்பது பழகிப்போய்விட்டது. ஆத்தாவும் அதைத்தான் சொன்னார்கள். "சென்னையில எறங்கி ராத்திரி தங்கிட்டு, மறுநா பல்லவன் ரயில்ல வந்துருங்களேன். பெரிய ஏர்போர்ட்டு, எல்லாம் இருக்கும்." தனியாக வருகிறவருக்குச் சரி. பிள்ளையோடு வரும்போது அந்தக் கடைசி 400 சொச்சம் கிலோமீட்டர்தான் வதை. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மடியில் உட்கார்ந்தே வந்த பிள்ளையை மறுபடியும் 7, 8 மணி நேரம் காரில் வைக்க வேண்டும். இல்லையென்றால் எழும்பூரில் அறை எடுத்து, பெட்டிகளை ஏற்றி இறக்கி, மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டும்.

திருச்சியிலிருந்து காரைக்குடி 90 கிலோமீட்டர் போல. புதுக்கோட்டை, திருமயம் வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் வீடு வந்துவிடும். மதுரையும் ஏறக்குறைய அதே தூரம்தான், மேலூர், திருப்பத்தூர் வழி. திருச்சியின் பழைய முனையத்தில் குழந்தையோடு நெரிசலில் நின்றவர்களுக்கு அந்த இடத்தின் மேல் கோபம் இருக்கலாம். 2024 ஜூனில் திறந்துவிட்ட புது முனையம் அப்படி இல்லை, நல்ல விசாலம். பிள்ளைக்கு ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இன்னும் வரவில்லை என்றால், இ-விசாவில் திருச்சியில் இறங்கலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மெல்பர்னிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 8 மணி நேரம். அங்கே மூன்று நான்கு மணி நேரம் காத்திருப்பு. சிங்கப்பூரிலிருந்து திருச்சி 4 மணி நேரம். இறங்கி வெளியே வர ஒரு மணி நேரம், சாலையில் இரண்டு. மெல்பர்னில் விமானம் கிளம்பியதிலிருந்து மொத்தம் 19 மணி நேரத்துக்குள் வீடு. அதே பயணம் சென்னை வழியாக என்றால் 25-ஐத் தாண்டும். இந்த ஆறு மணி நேர வித்தியாசத்தை எந்த நல்ல விமானச் சேவையாலும் ஈடுகட்ட முடியாது என்பது என் எண்ணம்.

சரி, திருச்சி என்று முடிவானதும் மிஞ்சியவை நான்கு வழிகள்.

முழுக்க ஸ்கூட்டில் வருவது ஒன்று. மெல்பர்ன்–சிங்கப்பூர், சிங்கப்பூர்–திருச்சி இரண்டும் ஸ்கூட் பறக்கிற தடங்கள். ஒரே பதிவாக எடுத்தால் பெட்டி நேராகத் திருச்சிக்கு வந்துவிடும், சிங்கப்பூருக்குள் நுழையத் தேவையில்லை. விலைதான் இதன் பெரிய பலம். ஆனால் இது மலிவுக் கட்டண விமானம். சாப்பாடு, தண்ணீர், பெட்டி எல்லாவற்றுக்கும் தனிக் காசு. இருக்கைக்கு முன்னால் திரை கிடையாது. கைக்குழந்தையைப் படுக்கவைக்க மாட்டித் தரும் தொட்டிலை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். விமானத்தின் ஒரு பகுதியை 12 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருப்பார்கள், அந்த வரிசைகளில் நமக்கு இடம் தரமாட்டார்கள். குறையாக இதைச் சொல்லவில்லை. இருக்கை எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, பலருக்குத் தெரியாத ஒரு நடு வழி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் மெல்பர்ன்–திருச்சி என்றே தேடிப் பாருங்கள். சிங்கப்பூர் வரை அவர்களுடைய விமானம், அங்கிருந்து திருச்சிக்கு ஸ்கூட் விமானம், ஆனால் முழுவதும் ஒரே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் டிக்கெட் என்று வரும். ஸ்கூட் அவர்களுடைய துணை நிறுவனம்தான். இப்படி எடுத்தால் பெட்டியின் எடையும் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடங்கிவிடும். முதல் விமானம் தாமதமானால் நம்மை அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஒன்பது மாதப் பிள்ளையோடு தரையில் கிடந்தவளுக்கு இந்தக் கடைசி வரியின் அருமை தெரியும். நீளமான 8 மணி நேரம் வசதியான விமானத்தில், குறைவான 4 மணி நேரம் சாதாரண விமானத்தில் என்று பங்கு சரியாக விழுகிறது. நாங்கள் ஊருக்கு வந்தது இப்படித்தான்.

மூன்றாவது, கொழும்பு வழி. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் திருச்சிக்கும் வருகிறது, மதுரைக்கும் வருகிறது. கொழும்பிலிருந்து மெல்பர்னுக்கும் சிட்னிக்கும் அவர்களுக்கு நேர் விமானம் உண்டு. இங்கே கணக்கு வேறு. கொழும்பு–மெல்பர்ன் ஒரே மூச்சில் பத்தரை, பதினொரு மணி நேரம். மறுபக்கம் மதுரைக்கோ திருச்சிக்கோ ஒரு மணி நேரம்தான். இதில் எனக்குப் பிடித்தது, இரவில் கிளம்பும் விமானமாகப் பார்த்துப் போட்டால் பிள்ளையின் முழுத் தூக்கமும் ஒரே விமானத்துக்குள் முடிந்துவிடும் என்பது. சிங்கப்பூர் வழியில் நாலாம் மணி நேரத்திலோ எட்டாம் மணி நேரத்திலோ அவனைக் கட்டாயம் எழுப்பியாக வேண்டும். பாதித் தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை அடுத்த இரண்டு மணி நேரம் எப்படி இருக்கும் என்று பெற்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கொழும்பின் கட்டுநாயக்கா சிறிய விமான நிலையம். அதிகம் நடக்க வேண்டியதில்லை, ஆனால் பிள்ளை விளையாடவும் அதிகம் ஒன்றும் இல்லை. காத்திருப்பு மூன்று மணி நேரத்துக்குள் இருந்தால் எடுங்கள், ஏழெட்டு மணி நேரம் என்றால் வேண்டாம். பெரியவர்கள் துணைக்கு வருகிறார்களா? அப்படியானால் இந்த வழிக்கு இன்னொரு மதிப்பெண். அறிவிப்புப் பலகைகள் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழிலும் இருக்கும். ஆங்கிலம் தெரியாத ஆயா தனியாகக் கழிப்பறை போய்விட்டுத் திரும்பி வந்துவிடலாம். எங்கள் பாட்டையா காலத்தில் போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி போய், கப்பலில் தலைமன்னார் இறங்கி, கொழும்புச் செட்டியார் தெருவுக்குக் கணக்கு எழுதப் போவார்கள். 1964 புயலோடு அந்தப் பாதை போனது. அவர்கள் போன ஊர் வழியாகவே கொள்ளுப்பேரன் வீட்டுக்கு வரலாம் என்பது எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அதற்காக இதைச் சொல்லவில்லை.

நான்காவது கோலாலம்பூர். திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் இடையே மலிவு விமானங்கள் உண்டு, அங்கிருந்து மெல்பர்னுக்கும் உண்டு. ஒரே நிறுவனத்தின் ஒரே டிக்கெட்டாகக் கிடைத்தால் யோசிக்கலாம். இரண்டு நிறுவனங்களைக் கலந்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே முனையம் 1, முனையம் 2 இரண்டும் தனித்தனிக் கட்டடங்கள். ஏர் ஏசியா இரண்டாவதில், மலேசியா ஏர்லைன்ஸ் முதலாவதில். தனி டிக்கெட்டோடு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக, குடியுரிமைச் சோதனை தாண்டி வெளியே வந்து, பெட்டியோடு ரயில் ஏற வேண்டும். பிள்ளையோடு அதை நான் செய்யமாட்டேன்.

விலையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனித்தனி டிக்கெட்டில் சேமிக்கும் காசு கண்ணுக்குத் தெரியும். நடு ஊரில் நுழைய விசா வேண்டும் என்பது தெரியாது. சிங்கப்பூருக்குள் நுழைய இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும் என்றால் நுழைந்துதான் ஆக வேண்டும்.

இனி தொட்டில் விஷயம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாசினெட் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். விமானத்தில் நமக்கு முன்னால் உள்ள தடுப்புச் சுவரில் அதை மாட்டுவார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 14 கிலோ வரை தாங்கும், இரண்டு வயதுக்குள் இருக்க வேண்டும். வேறு சில நிறுவனங்களில் 11 கிலோதான். எடை சரியாக இருந்தாலும் நீளம் இடிக்கும். ஒன்றரை வயதைத் தாண்டிய பிள்ளை காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். அதோடு, விமானம் குலுங்கி இருக்கைப் பட்டை விளக்கு எரிந்தால் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துப் பட்டை போட வேண்டும். நிலநடுக்கோட்டுப் பக்கம் குலுக்கல் சகஜம். அப்போதுதான் தூங்கியிருப்பான், எடுத்துவிடுவோம். மறுபடி தூங்க வைப்போம், மறுபடி விளக்கு எரியும்.

இன்னொன்றும் உண்டு. அந்த முன்வரிசையில் கைப்பிடிகளை மேலே தூக்க முடியாது, ஏனென்றால் சாப்பாட்டுப் பலகை அதற்குள்தான் மடங்கியிருக்கும். முன்னால் இருக்கை இல்லாததால் காலடியில் பையும் வைக்க முடியாது. பால் பாட்டில், மாற்றுத்துணி எல்லாம் ஏறும்போதும் இறங்கும்போதும் மேல் அடுக்கில். ஒன்பது மாதக் குழந்தைக்கு அந்த வரிசை வரம். 23 மாதப் பிள்ளைக்கு நடுவில் உள்ள சாதாரண வரிசைதான் மேல். கைப்பிடியைத் தூக்கிவிட்டால் என் மடியில் தலையும் அவர் மடியில் காலுமாக நீட்டிப் படுத்துவிடுகிறான். நாங்கள் முதலில் தொட்டில் வரிசை கேட்டு, பிறகு யோசித்து மாற்றிக்கொண்டோம். சிங்கப்பூர் வரும் வரை ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினான்.

இரண்டு வயது நிறைவது அடுத்த கணக்கு. இரண்டுக்குள் மடியில் வைத்துக்கொள்ளலாம். முழுச் சேவை நிறுவனங்களில் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு போல வரும், மலிவு விமானங்களில் தடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. இரண்டு நிறைந்துவிட்டால் தனி இருக்கை வாங்கியே ஆக வேண்டும். வயதைப் பதிவு செய்யும் நாளில் பார்ப்பதில்லை, ஒவ்வொரு விமானத்திலும் ஏறும் நாளில் பார்க்கிறார்கள். எங்கள் மகனுக்குப் பிறந்தநாள் ஊரில் இருக்கும்போதே வந்துவிட்டது. போகும்போது மடி, திரும்பும்போது இருக்கை. இதை முதலிலேயே சொல்லிப் பதிவு செய்யாவிட்டால், திரும்பும் நாளில் விமான நிலையத்தில் அன்றைய விலைக்கு இருக்கை தேட வேண்டிவரும்.

இங்கேதான் ஒப்பீடு திரும்புகிறது. இரண்டுக்குள் இருக்கும் வரை முழுச் சேவை நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது இரண்டு பேருக்கான வித்தியாசம்தான். இரண்டு நிறைந்ததும் மூன்று இருக்கை, வித்தியாசமும் மூன்று பேருக்கு. தொட்டிலும் போய்விட்டது. அவனுக்கென்று ஓர் இருக்கை இருப்பதால் தூக்கப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடுகிறது. அதனால் திரும்பும்போது முழு ஸ்கூட் எடுத்தோம். சாப்பாட்டை முன்கூட்டியே பதிவு செய்து, பெட்டிக்கு எடை வாங்கியும்கூட மிச்சம் நன்றாகவே இருந்தது. திரை இல்லாத குறைக்குக் கைபேசியில் படங்களை ஏற்றி வைத்திருந்தோம். உண்மையில் அவனுக்குப் பிடித்தது ஜன்னல் மறைப்புக்குப் பதிலாக அந்த விமானத்தில் இருந்த பொத்தான். அதை அழுத்தி அழுத்திக் கண்ணாடியைக் கறுப்பாக்கிக்கொண்டே வந்தான்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மூன்றாவது முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம் இருக்கிறது, பயணத்தின் நடுவில் இருப்பவர்களே போகலாம். பிள்ளையை அங்கே ஒரு மணி நேரம் ஓடவிட்டால் அடுத்த விமானத்தில் தூங்கிவிடும். ஸ்கூட் புறப்படுவது முதல் முனையத்திலிருந்து. உள்ளேயே ஓடும் ரயிலில் போகலாம், ஆனால் அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை ஏறும் வாயிலுக்குப் பக்கத்தில்தான். அங்கே தண்ணீர் பாட்டிலைக் காலி செய்யச் சொல்வார்கள். குழந்தையின் பால், கூழ் ஆகியவற்றைத் தனியாக எடுத்துக் காட்டினால் விடுவார்கள்.

ஆத்தா ஒரு யோசனை சொன்னார்கள், ஒருநாள் சிங்கப்பூரில் தங்கி டேங்க் ரோடு தண்டாயுதபாணியைக் கும்பிட்டுவிட்டு வரலாமே என்று. நம் நகரத்தார் 1859-இல் எழுப்பிய கோயில். பயணத்தை அப்படி உடைப்பது பிள்ளைக்கு நல்லதுதான். விசாவும் விடுதிச் செலவும் கட்டுபடியானால் செய்யுங்கள். எங்களுக்கு விடுப்பு போதவில்லை.

சாப்பாட்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிய வித்தியாசம் பார்க்காதீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் குழந்தைச் சாப்பாட்டை ஒரு நாளுக்கு முன்பாவது சொல்லி வைக்க வேண்டும். சொல்லியிருந்தோம், வந்தது, எங்கள் பிள்ளை தொடவில்லை. அவன் சாப்பிட்டது நான் பொடி தடவிக் கொண்டுபோன இட்லியும் கேழ்வரகுக் கூழும்தான். விமானம் இறங்கத் தொடங்கும்போது குடிக்க ஏதாவது கொடுங்கள், விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும்.

திரும்பும்போது மட்டும் ஒரு கவனம். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் அட்டையில் எழுதிச் சொல்ல வேண்டும். மனகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு எல்லாவற்றையும் எழுதிக் காட்டினோம், பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பால்கோவாவைக் கொண்டுவராதீர்கள், கோமாரி நோய் உள்ள நாடுகளின் பால் பொருட்களுக்கு அங்கே கடும் கட்டுப்பாடு. விமானத்தில் பிள்ளை கடித்து மிச்சம் வைத்த வாழைப்பழம்கூட வெளியே வரக் கூடாது. எழுதாமல் மாட்டினால் அபராதம் பெரிது.

அமெரிக்கா, இங்கிலாந்து போகிறவர்களுக்குச் சுருக்கமாக. லண்டனுக்குச் சென்னையிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேராகப் பறக்கிறது, பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்காகக் காரைக்குடியிலிருந்து சென்னை போவது தகும் என்றுதான் நினைக்கிறேன். முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள். டல்லாஸ் பக்கம் என்றால் தோஹா, துபாய் வழியில் முதல் விமானம் நான்கைந்து மணி நேரம், இரண்டாவது 15, 16 மணி நேரம். பிராங்க்ஃபர்ட் வழியில் இரண்டும் ஏறக்குறைய பத்துப் பத்து. ஒரே நீளத் தூக்கம் தூங்கும் பிள்ளைக்கு முதல் வழி. ஒரேயடியாக ரொம்ப நேரம் மடியில் நிற்காத பிள்ளைக்கு இரண்டாவது. உங்கள் பிள்ளை எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இந்த மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு மறுபடி வருகிறோம். திரும்பும்போது ஆத்தாவும் எங்களோடு மெல்பர்ன் வருகிறார்கள், முதல் விமானப் பயணம். மகனுக்கு மூன்று வயது நெருங்கிவிடும், தொட்டில் பேச்சே இல்லை. ஆனால் ஆத்தாவுக்கு முழங்கால் வலி, ஆங்கிலமும் தெரியாது. எனவே இந்த முறை மதுரையில் ஏறி கொழும்பு வழி, இரவு விமானம், ஆத்தாவுக்குச் சக்கர நாற்காலி சொல்லியாகிவிட்டது. நடு வரிசையில் நான்கு இருக்கையும் எங்களுக்கே. ஓரத்தில் ஆத்தா, பக்கத்தில் பேரன்.